மேகத்தை விலக்கிய மேகம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இவ்வாரக் கருத்தரங்கில் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, பூமியைப் படம் பிடிக்கும் துணைக்கோளங்களும் அவை அனுப்பும் தரவுகளைக் கையாளும் ‘கிளவுட் கம்ப்யூட்டிங்’ முறையும் என்பதாகும். தமிழில் இதை மேகக் கணிமை என்கிறார்கள். தலைப்பைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஏனெனில், நம் மலேசியாவை விண்வெளியிலிருந்து பார்க்க முயன்றவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் பெருந்தொல்லையாக இருந்ததே மேகம்தான். படம் கேட்டால் மேகம் வந்தது. காட்டைக் காட்டு என்றால் பஞ்சுப் பொதியைக் காட்டியது.

ஆக, இந்தக் கதையில் இரண்டு மேகங்கள் இருக்கின்றன. ஒன்று நம் காட்டை மூடியது. மற்றொன்று அதைத் திறந்து காட்டியது. இரண்டுக்கும் நடுவே விலை என்ற ஒரு சுவர் இருந்தது. அந்தச் சுவர் எப்படி எழுந்தது, யார் இடித்தார்கள் என்பதைச் சொல்லாமல் கணினியின் பெருமையை மட்டும் பேசினால் அது பாதிக் கதைதான். நான் விஞ்ஞானி இல்லை. தகவல் தொடர்புத்துறை படித்து ஒளிவாங்கியின் முன் நிற்பவர்களில் ஒருவர். எனவே இதை ஒரு செய்தியின் வரலாறாகவே சொல்கிறேன்.

ஆடும் கண்ணாடி

1966ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் அமெரிக்க உள்துறை அமைச்சர் ஸ்டுவர்ட் யூடால் ஓர் அறிவிப்பு செய்தார். பூமியின் வளங்களைப் பார்ப்பதற்கென்றே துணைக்கோளங்களை அனுப்பப் போகிறோம் என்பதுதான் அது. இதற்குப் பின்னால் இருந்து தூண்டியவர் அந்நாட்டு நிலவியல் ஆய்வு மையத்தின் தலைவர் வில்லியம் பெக்கோரா. அதுவரை விண்ணிலிருந்து நிலத்தைப் பார்த்தவை பெரும்பாலும் உளவுத் துணைக்கோளங்கள். அந்தப் படங்கள் இரகசியப் பெட்டகத்தில் கிடந்தன. விவசாயிக்கும் வனத்துறைக்கும் எதற்கு இந்தச் செலவு என்று கேட்டவர்கள் அமெரிக்க அரசாங்கத்துக்குள்ளேயே இருந்தார்கள். அறிவிப்புக்கும் ஏவுதலுக்கும் இடையே ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஓடின.

இந்த ஆறு ஆண்டுகளில் நம் நினைவில் நிற்க வேண்டிய பெயர் வெர்ஜினியா நோர்வுட். ஹியூஸ் நிறுவனத்தின் பொறியியலாளர். அவர் வடிவமைத்த கருவி நிழற்படக் கருவி அல்ல. ஒரு கண்ணாடி, விநாடிக்குப் பதின்மூன்று முறை இப்படியும் அப்படியும் ஆடும். ஆடும்போது கீழே உள்ள நிலத்தின் வெளிச்சத்தை வரி வரியாக வாங்கி, நான்கு நிறப்பட்டைகளாகப் பிரித்து, எண்களாக மாற்றிப் பூமிக்கு அனுப்பும். ஆடிக்கொண்டே இருக்கும் ஒரு பொருளை வைத்துத் துல்லியமாக அளக்க முடியுமா என்று நிலப்பட வல்லுநர்கள் ஐயப்பட்டார்கள். அவர்களுடைய நம்பிக்கையெல்லாம் அதே துணைக்கோளத்தில் பொருத்தப்பட்ட தொலைக்காட்சிப் பாணிக் கருவியின்மீதுதான் இருந்தது.

1972 ஜூலை 23ஆம் நாள் அந்தத் துணைக்கோளம் விண்ணில் ஏறியது. பிற்காலத்தில் அதற்கு ‘லேண்ட்சாட் 1’ என்று பெயர் வந்தது. இரண்டே வாரத்தில் மின்கோளாறு ஏற்பட்டு, எல்லாரும் நம்பிய தொலைக்காட்சிக் கருவியை அணைக்க வேண்டியதாயிற்று. (எங்கள் துறையின் மானம் போனது!) எவரும் நம்பாத ஆடும் கண்ணாடிதான் 1978 வரை உழைத்து, மூன்று இலட்சத்துக்கும் அதிகமான படங்களைத் தந்தது. அந்த நோர்வுட் அம்மையாரைப் பிற்காலத்தில் ‘லேண்ட்சாட்டின் தாய்’ என்றே அழைத்தார்கள். 2023இல் அவர் காலமானார்.

ஒரு சுவையான செய்தியையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கனடாவின் லேப்ரடோர் கரைக்கு அப்பால், கடலில் ஒரு சிறு வெண்புள்ளி இந்தப் படங்களில் தெரிந்தது. எந்த வரைபடத்திலும் அங்கே தீவு கிடையாது. 1976இல் சரிபார்க்கச் சென்ற நில அளவையாளரைக் கயிற்றில் கட்டி ஹெலிகாப்டரிலிருந்து இறக்கினார்கள். பனி மூடிய அந்தப் பாறையில் ஏற்கெனவே ஒரு பனிக்கரடி குடியிருந்தது. இறங்கியவர்மீது அது கையை வீச, அவரை அவசரமாக மேலே இழுத்தார்கள். 25 மீட்டர் அகலம், 45 மீட்டர் நீளம் உள்ள அந்தத் துண்டுக்கு இன்றும் லேண்ட்சாட் தீவு என்றுதான் பெயர்.

வெள்ளைப் படங்கள்

துணைக்கோளப் படம் என்றாலே நாம் நிழற்படத்தை நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது எண்களால் ஆன கட்டம். ஒவ்வொரு கட்டமும் ஒரு படப்புள்ளி. பச்சை இலை, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை மிக அதிகமாகத் திருப்பி அனுப்பும். வெட்டப்பட்ட வெறுமண் அப்படி அனுப்பாது. எனவே, ஒரே இடத்தின் எண்களை இரண்டு வெவ்வேறு ஆண்டுகளில் ஒப்பிட்டால் அங்கே மரம் நின்றதா, போனதா என்று கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். முதல் துணைக்கோளத்தில் ஒரு புள்ளி ஏறத்தாழ 80 மீட்டர். 1984இல் ஏறிய லேண்ட்சாட் 5இல் அது 30 மீட்டராக இருந்தது.

கணக்கு எளிதுதான். ஆனால் பூமத்திய ரேகைப் பகுதியில் அந்தக் கணக்கு எடுபடவில்லை. லேண்ட்சாட் ஒரே இடத்துக்கு 16 நாள்களுக்கு ஒருமுறைதான் திரும்பி வரும். ஆண்டுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வாய்ப்புகள். அது நம் தலைக்கு மேல் வரும் நேரம் காலை பதினொரு மணியை ஒட்டி. கேமரன் மலையிலோ தித்திவாங்சா மலைத்தொடரிலோ அந்த நேரத்தில் வானம் எப்படி இருக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சகாரா பாலைவனத்துக்கு ஒரு படம் போதும். பகாங் காட்டுக்குப் பத்துப் படம் எடுத்தாலும் பாதி வெள்ளை.

இதற்கு ஒரு வழி உண்டு. ஒரு படத்தை முழுதாகப் பார்க்காமல் புள்ளி புள்ளியாகப் பார்ப்பது. இந்த 30 மீட்டர் துண்டு மார்ச் மாதத்தில் ஒருநாள் தெளிவாகத் தெரிந்தது, பக்கத்துத் துண்டு ஆகஸ்டில் தெரிந்தது, அதற்கடுத்தது மறு ஆண்டில்தான் தெரிந்தது. தெளிந்த துண்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்துத் தைத்தால் மேகமே இல்லாத ஒரு படம் கிடைக்கும். ஒட்டுத்துணிப் போர்வை தைப்பதுபோலத்தான். ஆனால் இந்தப் போர்வைக்குத் துணி நிறைய வேண்டும். ஒரே இடத்தைப் பற்றிப் பத்தல்ல, நூற்றுக்கணக்கான படங்கள் கையில் இருக்க வேண்டும்.

நம் நாடு வேறொரு வழியையும் முயன்று பார்த்தது. 2009 ஜூலை 14ஆம் நாள் ஏவப்பட்ட ரசாக்சாட் துணைக்கோளம் மற்றவற்றைப் போலத் துருவங்களைச் சுற்றாமல் பூமத்திய ரேகையை ஒட்டியே சுற்றியது. ஒரு நாளில் பலமுறை நம் மேல் கடந்தால், மேகத்தின் ஏதாவது ஓர் இடைவெளியில் நிலம் தெரிந்துவிடும் என்பது திட்டம். நல்ல யோசனை, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். மூன்றாண்டு உழைக்க வேண்டிய அந்தத் துணைக்கோளம் ஏறத்தாழ ஓராண்டிலேயே செயலிழந்தது.

ஒரு படம் 4,400 டாலர்

சரி, படங்கள்தான் 1972 முதல் குவிந்துகொண்டிருந்தனவே, போர்வையைத் தைக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் அந்தச் சுவர் குறுக்கே வருகிறது.

1984இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. லேண்ட்சாட்டைத் தனியாரிடம் ஒப்படைத்து வணிகமாக்கும் சட்டம். மறு ஆண்டு ஹியூஸ், ஆர்சிஏ ஆகிய இரு நிறுவனங்களின் கூட்டான இயோசாட் அந்தப் பொறுப்பை ஏற்றது. 1980களின் தொடக்கத்தில் 650 டாலர் அளவில் இருந்த ஒரு படத்தின் விலை மளமளவென ஏறி, 4,400 டாலர் வரை போயிற்று. வாங்கிய படத்தைப் பிறருக்குக் கொடுக்கவும் கட்டுப்பாடு.

ஒரு சிறு கணக்கு. ஒரு படம் ஏறத்தாழ 185 கிலோமீட்டர் அகலம். தீபகற்ப மலேசியாவை ஒருமுறை மூடுவதற்குப் பத்துப் படம் என்று வைத்துக்கொள்ளுங்கள்; 44,000 டாலர். அதில் பாதி மேகம். மேகமில்லாத போர்வை தைக்க ஒவ்வோர் இடத்துக்கும் இருபது படம் என்றால் எட்டு இலட்சத்து எண்பதாயிரம் டாலர். ஓர் ஆண்டு நிலவரத்துக்கே இவ்வளவு. இரண்டு ஆண்டுகளை ஒப்பிட வேண்டுமானால் இதுபோல் இரண்டு மடங்கு. எந்தப் பல்கலைக்கழக விரிவுரையாளர் இதை வாங்குவார்? ஆகவே ஆய்வாளர்கள் என்ன செய்தார்கள் என்றால், மேகம் குறைவான ஒரே ஒரு படத்தைத் தேடிப் பிடித்து வாங்கி, அதை வைத்தே கட்டுரை எழுதினார்கள். ஆராய்ச்சிக்கு இடம் தேர்ந்தெடுத்தது அறிவு அல்ல, பணப்பை.

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் நடந்தது. விற்பனைக்காக இயங்கும் நிறுவனம், வாங்க ஆள் இல்லாத இடத்தைப் படம் எடுப்பதில் அக்கறை காட்டவில்லை. உலகின் பல பகுதிகளுக்கு 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் படங்கள் மிகக் குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம். போன ஆண்டின் காட்டை இந்த ஆண்டு போய்ப் படம் எடுக்க முடியாது. எடுக்காமல் விட்டது விட்டதுதான். 1989இல் இயக்கச் செலவுக்குப் பணமில்லை என்று, வேலை செய்துகொண்டிருந்த லேண்ட்சாட் 4, 5 இரண்டையும் அணைத்துவிட உத்தரவே பிறந்தது. கடைசி நேரத்தில் நிதி கிடைத்ததால் அவை தப்பின. அப்படித் தப்பிய லேண்ட்சாட் 5, 2013 வரை ஏறத்தாழ 29 ஆண்டுகள் உழைத்துக் கின்னஸ் சாதனை படைத்தது என்பது குறிப்பிடத்தக்கது.

தொலைக்காட்சி நிலையங்களில் வேலை செய்தவர்களுக்கு இந்த நிலை நன்றாகவே புரியும். பழைய ஒளிநாடாக்கள் அலமாரி அலமாரியாக அடுக்கி இருக்கும். ஓட்டிப் பார்க்கும் கருவி இருக்காது. இருந்தாலும் எந்த நாடாவில் என்ன இருக்கிறது என்று தெரியாது. பதிவு இருக்கிறது, ஆனால் இல்லை. லேண்ட்சாட் சேமிப்பும் ஏறத்தாழ அப்படித்தான் கிடந்தது. அதிலும் பெரும்பகுதி அமெரிக்காவில்கூட இல்லை. தாய்லாந்து, ஆஸ்திரேலியா, பிரேசில் என்று பல நாடுகளின் தரைநிலையங்களில் நாடாக்களாகச் சிதறிக் கிடந்தது. 2010இல்தான் அவற்றை ஒன்றுதிரட்டும் வேலை தொடங்கியது. திரட்டியதில் இலட்சக்கணக்கான படங்கள் அமெரிக்காவிடம் இல்லாதவை.

1992இல் வேறொரு சட்டம் வந்து லேண்ட்சாட் மீண்டும் அரசின் கைக்குத் திரும்பியது. 1999இல் ஏறிய லேண்ட்சாட் 7இன் படம் 600 டாலருக்குக் கிடைத்தது. 2003 மே மாதம் அதன் ஒரு பாகம் பழுதாகி, ஒவ்வொரு படத்திலும் 22 விழுக்காடு கோடு கோடாக மறைந்தது. மேகத்தோடு கோடும் சேர்ந்துகொண்டது. அப்படிப்பட்ட படத்தைக் காசு கொடுத்து வாங்க யார் வருவார்?

முதலில் கதவைத் திறந்த நாடு அமெரிக்கா அன்று, பிரேசில். சீனாவுடன் சேர்ந்து ஏவிய துணைக்கோளத்தின் படங்களை 2004இல் பிரேசில் விண்வெளி ஆய்வுக் கழகம் இணையத்தில் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. அமேசான் காடு அழிவதை 1988 முதல் ஆண்டுதோறும் துணைக்கோளம் மூலம் அளந்து வந்த நாடு அது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2008 ஏப்ரல் 21ஆம் நாள், அமெரிக்க நிலவியல் ஆய்வு மையம் தன் சேமிப்பு முழுவதையும் இலவசமாக்கப் போவதாக அறிவித்தது.

விளைவைப் பாருங்கள். விற்பனை உச்சத்தில் இருந்த 2001ஆம் ஆண்டில் ஒரு நாளைக்குச் சராசரி 53 படங்கள் விற்றன. இலவசமான பிறகு வந்த ஒரே ஆண்டில் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் இறக்கிக்கொள்ளப்பட்டன. இந்த வரலாற்றின் திருப்புமுனை எது என்று என்னைக் கேட்டால், கணினி நிறுவனங்களின் பெயரைச் சொல்லமாட்டேன். விலைச்சீட்டைக் கிழித்த அந்த 2008ஆம் ஆண்டுத் தீர்மானத்தைத்தான் சொல்வேன்.

பந்திக்கு வந்த கணக்கு

விலைச் சுவர் இடிந்ததும் மறுபக்கம் ஒரு வெள்ளம் நின்றது. ஒரு நாட்டுக்கு ஆயிரக்கணக்கான படங்கள், உலகத்துக்கு இலட்சக்கணக்கில். லேண்ட்சாட் 8இன் ஒரு படமே ஏறத்தாழ ஒரு ஜிகாபைட். இதை இணையம் வழி இறக்கி, வட்டுகளில் அடுக்கி, பல்கலைக்கழகத்தின் நான்கைந்து கணினிகளில் ஓட்டினால் மாணவர் பட்டம் வாங்கும்போது இறக்குமதிகூட முடிந்திருக்காது. இலவசம் என்று அரிசிக் கிடங்கையே திறந்துவிட்டார்கள்; தூக்கிப்போக வண்டி இல்லை.

இதே காலத்தில் கணினி உலகில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 2006இல் அமேசான் நிறுவனம் தன் சேமிப்பு இடத்தையும் கணினித் திறனையும் மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியது. எங்கோ ஒரு கட்டடத்தில் ஆயிரக்கணக்கான சர்வர்கள். நீங்கள் வீட்டிலிருந்தபடியே வேண்டிய அளவு பயன்படுத்தலாம். மேகக் கணிமை என்பது இவ்வளவுதான்.

கூகள் நிறுவனத்தில் ரெபெக்கா மூர் என்றொரு பொறியியலாளர். 2005இல் தம் வீட்டுப் பக்கத்து மலையில் மரம் வெட்டத் திட்டம் வந்தபோது, அதைக் கூகள் எர்த் படத்தில் வரைந்து ஊராருக்குக் காட்டி எதிர்ப்பைத் திரட்டியவர். அவர் தலைமையில் ‘எர்த் எஞ்சின்’ உருவானது. பிரேசிலின் இமாசோன் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கார்லோஸ் சூசா போன்ற காட்டு ஆய்வாளர்கள் அதில் துணை நின்றார்கள். 2009இல் கோப்பன்ஹேகன் பருவநிலை மாநாட்டில் முன்னோட்டம் காட்டினார்கள். 2010 டிசம்பரில் மெக்சிகோவின் கான்கூன் மாநாட்டில் அதிகாரபூர்வமாக வெளியிட்டார்கள்.

அதன் அடிப்படை யோசனையை நம் ஊர் உவமையில் சொல்கிறேன். தைப்பூசத்துக்கு அன்னதானம் போடுகிறவர்கள் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவதில்லை. சாப்பிடுகிறவர்கள்தான் பந்திக்கு வருகிறார்கள். அதுபோல, படங்களை ஆய்வாளரின் கணினிக்குக் கொண்டு வருவதை விட்டுவிட்டு, ஆய்வாளரின் கணக்கைப் படங்கள் இருக்கும் இடத்துக்கு அனுப்பினார்கள். அனுப்புவது ஒரு பக்க அளவுள்ள கட்டளை. திரும்பி வருவது விடை மட்டும். நடுவில் உள்ள மலையளவு எண்கள் இருந்த இடத்தைவிட்டு அசைவதே இல்லை.

அமெரிக்காவின் மேரிலேண்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் மேத்யூ ஹேன்சன் குழுவினர் இந்தப் பந்திக்கு வந்தார்கள். 2000 முதல் 2012 வரை உலகக் காடுகளில் என்ன நடந்தது என்ற ஒரே கேள்வி. அதற்கு லேண்ட்சாட் 7இன் 6,54,178 படங்கள் பயன்பட்டன. பத்து இலட்சம் மணி நேரக் கணினி உழைப்பு. ஒரே செயலி இரவு பகல் ஓயாமல் உழைத்தால் 114 ஆண்டு ஆகும் வேலை, பத்தாயிரம் கணினிகள் பங்கு போட்டுக்கொண்டதால் சில நாள்களில் முடிந்தது. மேகத்தையும் கோடுகளையும் ஒதுக்கிவிட்டுத் தெளிந்த புள்ளிகளை மட்டும் தைத்த உலகப் போர்வை அது. 2013 நவம்பரில் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் வெளிவந்தது.

14.4 விழுக்காடு

அந்தப் போர்வையில் நம் நாட்டின் பகுதி எப்படி இருந்தது? 2000ஆம் ஆண்டில் இருந்த காட்டில் 14.4 விழுக்காட்டை மலேசியா பன்னிரண்டு ஆண்டுகளில் இழந்துவிட்டது, இழந்த விகிதத்தில் உலகிலேயே முதலிடம் என்று செய்திகள் வந்தன. பரப்பளவில் சொன்னால் 47,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். பகாங் மாநிலத்தைவிடப் பெரிது.

1992இல் ரியோ மாநாட்டில், நிலப்பரப்பில் பாதியாவது காடாக இருக்கும்படி காப்போம் என்று உலகுக்கு வாக்களித்த நாடு நம் நாடு. அதை இன்றும் காத்து வருகிறோம் என்பது அரசாங்கத்தின் நிலைப்பாடு. அப்படியிருக்க 14.4 விழுக்காடு எங்கிருந்து வந்தது? யார் பொய் சொல்கிறார்கள் என்று அவசரப்பட வேண்டாம். இங்கேதான் தோட்டப்புறத்தில் பிறந்த நம்மவர்கள் விஞ்ஞானிகளைவிட ஒரு படி முன்னே நிற்கிறார்கள்.

அந்த வரைபடத்தில் மரம் என்பதற்கு ஒரே வரையறைதான். ஐந்து மீட்டருக்கு மேல் உயர்ந்த தாவரம். அது மெராந்தியா, ரப்பரா, செம்பனையா என்று வரைபடம் பிரிப்பதில்லை. ஆனால் தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் தெரியும், பால் வற்றிய ரப்பர் மரங்களை ஒரு கட்டத்தில் மொத்தமாகச் சாய்த்துவிட்டு மறுநடவு செய்வார்கள். செம்பனையையும் இருபத்தைந்து ஆண்டு வாக்கில் அப்படித்தான் செய்கிறார்கள். மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அதுவும் காடழிவு போலவே தெரியும். போன ஆண்டு பச்சை, இந்த ஆண்டு செம்மண். இதே குறையைச் சுட்டிக்காட்டி 2014இல் அதே ‘சயன்ஸ்’ இதழில் வேறு ஆய்வாளர்கள் மறுப்பு எழுதினார்கள். தோட்டத்தையும் காட்டையும் ஒன்றாக எண்ணினால் இரண்டு தவறு நேரும் என்பது அவர்கள் வாதம். மறுநடவு அழிவாகத் தெரியும்; காடு போய்த் தோட்டம் வந்த இடம் மீண்டும் காடு வளர்ந்த இடமாகத் தெரியும். நாங்கள் அளந்தது மரப்போர்வையைத்தான், மற்ற வரைபடங்களுடன் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும் என்பது ஹேன்சன் குழுவின் பதில்.

இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் என் கவனம் வேறிடத்தில் நிற்கிறது. அந்தச் சண்டை எப்படி நடந்தது என்பதைப் பாருங்கள். வரைபடம் எல்லார் முன்னும் விரிந்திருந்தது. மறுத்தவர்கள், இந்தப் புள்ளியில் இருப்பது சோயாத் தோட்டம், அந்தப் புள்ளியில் இருப்பது தைலமரத் தோட்டம் என்று இடம் சுட்டி மறுத்தார்கள். பத்து ஆண்டுகளுக்கு முன்பாக இருந்தால், ஓர் அமைச்சு ஓர் எண்ணைச் சொல்லும், ஓர் அமைப்பு மற்றோர் எண்ணைச் சொல்லும், நாளிதழ்கள் இரண்டையும் அச்சிடும், அத்தோடு முடிந்தது. 2014 பிப்ரவரியில் உலக வளக் கழகம் ‘குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச்’ என்ற இணையதளத்தைத் திறந்து இந்த வரைபடத்தை யாரும் பார்க்கும்படி வைத்தது. ஆண்டுதோறும் அது புதுப்பிக்கப்பட்டு வருகிறது. தோட்டங்களின் எல்லைகளைத் தனி அடுக்காக மேலே வைத்துப் பார்க்கவும் வசதி வந்தது. மறுநடவைக் கழித்துப் பார்த்தாலும் சரவாக்கிலும் மற்ற இடங்களிலும் உண்மையான காடு போனதை மறுப்பதற்கில்லை.

புகைமூட்டத்தின் கதையும் இதோடு ஒட்டியதுதான். 1997இல் சுமத்ராவும் கலிமந்தானும் எரிந்தபோது, சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு மையம் பிரான்சின் ‘ஸ்பாட்’ துணைக்கோளப் படங்களை வைத்து, சுமார் 45 இலட்சம் ஹெக்டர் எரிந்ததாக மதிப்பிட்டது. எங்கே எரிகிறது என்று தெரிந்தது; யாருடைய நிலம் என்று பொதுமக்களுக்குத் தெரியவில்லை. 2013 ஜூனில் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746ஐ எட்டி நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது பலருக்கும் நினைவிருக்கும். மறு ஆண்டு சிங்கப்பூர் எல்லை தாண்டிய புகைமூட்டத்துக்கு எதிராக ஒரு சட்டம் கொண்டுவந்தது. துணைக்கோளத் தகவலையும் காற்றின் திசையையும் நில வரைபடத்தையும் வைத்து, இந்த நிறுவனத்தின் நிலத்தில் மூண்ட தீ என்று நீதிமன்றம் முதற்கண் கருதிக்கொள்ள அச்சட்டம் இடம் தருகிறது. இல்லையென்று நிரூபிக்கும் சுமை நிறுவனத்தின் தலையில்.

இன்றைய மேகம் யாருடையது?

காடு மட்டுமல்ல. 2016இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் இதே எர்த் எஞ்சினில் முப்பது இலட்சம் லேண்ட்சாட் படங்களை ஓட்டி, 32 ஆண்டுகளில் உலகின் நீர்நிலைகள் எங்கே தோன்றின, எங்கே மறைந்தன என்று வரைந்தார்கள். ஏறத்தாழ 90,000 சதுர கிலோமீட்டர் நிரந்தர நீர்ப்பரப்பு மறைந்திருந்தது.

மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் ரேடார் துணைக்கோளங்களும் இப்போது வந்துவிட்டன. ஐரோப்பாவின் சென்டினல் 1 வரிசை 2014 முதல் இயங்குகிறது, படங்கள் இலவசம். 2025 ஜூலை 30ஆம் நாள் சென்னைக்கு வடக்கே உள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து உருவாக்கிய நிசார் துணைக்கோளம் ஏறியது. நம் வானத்து மேகம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அதிலிருந்து உருவாகும் தரவு ஒரு நாளைக்கே ஏறத்தாழ 80 டெராபைட். இதை எந்தப் பல்கலைக்கழகமும் வீட்டுக்குத் தூக்கிச் செல்ல முடியாது. அமெரிக்கத் தரப்பு இத்தரவை மேகத்திலேயே வைத்துக் கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. லேண்ட்சாட்டின் சேமிப்பும் 2020 இறுதியில் அமேசானின் மேகத்துக்குக் குடிபெயர்ந்தது.

மகிழ்ச்சிதான். ஆயினும் ஒரு நெருடல் எனக்கு உண்டு. பழைய சுவர் இடிந்த இடத்திலேயே புதிய சுவர் எழாது என்று என்ன உறுதி? 2018இல் அமெரிக்க உள்துறை, லேண்ட்சாட் படங்களுக்கு மீண்டும் கட்டணம் வைக்கலாமா என்று தன் ஆலோசனைக் குழுவைக் கேட்டது. வேண்டாம் என்று குழு மறு ஆண்டு சொன்னதால் படங்கள் இன்றும் இலவசமாகவே இருக்கின்றன. ஆனால் படம் வேறு, அதை ஓட்டிப் பார்க்கும் கணினி வேறு. எர்த் எஞ்சின் ஆய்வாளர்களுக்கும் இலாப நோக்கற்றவர்களுக்கும் இலவசம். வணிக நிறுவனங்களுக்கு 2022 முதல் கட்டணம். அரிசி பொதுச்சொத்து, அடுப்பு தனியாருடையது என்ற நிலை. அந்த அடுப்புக்காரர் நாளை விதியை மாற்றினால் பெரிய நாடுகள் சொந்த அடுப்பு மூட்டிக்கொள்ளும். ஆஸ்திரேலியா தன் லேண்ட்சாட் படங்களையெல்லாம் தானே அடுக்கித் தனக்கென ஒரு தரவுக் களஞ்சியம் அமைத்துக்கொண்டது. மலேசியா போன்ற நாடுகள் அதைப்பற்றி இப்போதே யோசிப்பது நல்லது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நேரம் கிடைக்கும்போது பிள்ளைகளிடம் சொல்லி அந்த ‘குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச்’ தளத்தைத் திறந்து, நீங்கள் பிறந்த தோட்டம் இருந்த இடத்தைத் தேடிப் பாருங்கள். மரப்போர்வை போன இடங்களை இளஞ்சிவப்புப் புள்ளிகளாகக் காட்டியிருப்பார்கள். எந்த ஆண்டு போனது என்றும் தெரியும். அங்கே நடந்தது மறுநடவா, வீடமைப்புத் திட்டமா, அல்லது தோட்டத்துக்குப் பின்னால் இருந்த காடே போய்விட்டதா என்று அந்தப் புள்ளி சொல்லாது. உங்களுக்குத் தெரிந்திருந்தால் தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் குறிப்பிட்டு இப்பகுதிக்கு எழுதுங்கள்.